பெயர் பெற்ற எஞ்சின்களும் எங்கள் கரிக்கோச்சியும்

ஹரோ அன்ட் வீல்ட்ஸ்ரன் புகையிரத நிலையத்தின் கிழக்கு வாசலுக்கு மேலே ஒரு நினைவுப்பலகை உண்டு. காலையில் வேலைக்கு ஓடுகிற எம்மவர்களில் அதை அண்ணாந்து பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். அது அங்கே வைக்கப்பட்டது 2002இல். அந்த வருடம்தான் எமக்கும் நீராவி எஞ்சின்களைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய எட்டு வயது மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருந்தான். நீராவி எஞ்சின்களில் சனங்களுக்கு மிகவும் தெரிந்தது எது? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

பையனுக்கு யாரிடமும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. முந்தின வருடம் வெளிவந்த ஹரி பொட்டர் படத்தில் ஓடிய சிவப்பு நிற ஹொக்வோட்ஸ் எக்ஸ்பிரஸ்தான் என்றான். நாம், நாலு புத்தகம் படித்தவர்கள் என்ற மிதப்பில், ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன் என்றோம். மூலைக் கதிரையில் இருந்த நண்பரின் தகப்பனார் இலங்கைப் புகையிரதத்தில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பத்திரிகையை மடித்து மடியில் வைத்துவிட்டு, “கரிக்கோச்சி எண்டு எழுது” என்றார்.

“அது எந்த எஞ்சின் அப்பப்பா?”

“எல்லா எஞ்சினும் அதுதான்.”

பையன் எதை எழுதிக்கொண்டு போனான் என்று எமக்குத் தெரியாது. அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் மூன்று பதில்களும் மூன்று விதமாக மனதில் கிடந்தன. ஒரு இரும்பு வண்டிக்குப் பெயர் எப்படி வருகிறது, எது ஊரறிந்ததாகிறது, எது உருக்கப்பட்டுப் போகிறது என்று தேடத் தொடங்கியபோது, தேடல் நாம் தினமும் ஏறி இறங்குகிற நிலையத்துக்கே திரும்பி வந்தது.

முதலில் எமது பதில். பிரித்தானியாவில் தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன் என்ற பெயர்தான் வரும். இதிலே ஒரு குழப்பமும் உண்டு. 1862 தொடக்கம் காலை பத்து மணிக்கு கிங்ஸ் குறொஸிலிருந்து எடின்பரோவுக்குப் புறப்பட்ட வண்டிச் சேவைக்கும் அந்தப் பெயர்தான். எஞ்சினுக்கு அது பிற்பாடு வந்த பெயர். 1923 பெப்ரவரியில் டொன்காஸ்ரர் வேலைத்தலத்திலிருந்து வெளியே வந்தபோது அதற்கு 1472 என்ற இலக்கம் மட்டும்தான். அடுத்த வருடம் பேரரசுக் கண்காட்சிக்கு அனுப்புவதற்காகத்தான் அதற்கு வண்டியின் பெயரைச் சூட்டி, 4472 என்று இலக்கத்தையும் மாற்றினார்கள்.

அந்தக் கண்காட்சி நடந்த இடம் வெம்பிளி. ஹரோ அன்ட் வீல்ட்ஸ்ரனில் பேக்கர்லூ வண்டி ஏறினால் நாலாவது தரிப்பு வெம்பிளி சென்றல். இன்றைக்கு எம்மவர்கள் வாழையிலையும் கருவேப்பிலையும் வாங்கப் போகிற அதே வெம்பிளிதான். 1924 ஏப்ரல் 23ஆம் திகதி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்தார். பேரரசின் பல நாடுகளுக்கும் அங்கே மண்டபங்கள் இருந்தன. இலங்கைக்கும் ஒன்று இருந்தது. பொறியியல் மண்டபத்திலே ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன் பளபளவென்று நின்றது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு எஞ்சினும் நின்றது. கிரேற் வெஸ்ரேண் கம்பனியின் கார்பிலி காசில். பார்வைக்குச் சிறியது. ஆனால் பிரித்தானியாவிலேயே பலம் கூடிய பயணிகள் எஞ்சின் இதுதான் என்று கம்பனிக்காரர் அதற்குப் பக்கத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். இழுவிசைக் கணக்கைப் பார்த்தால் அது பொய்யுமல்ல. பெரிய எஞ்சினின் சொந்தக்காரருக்கு ரோசம் வராமல் இருக்குமா? 1925இல் இரண்டு கம்பனிகளும் எஞ்சின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தன. காசில் இனத்து எஞ்சினான பெண்டெனிஸ் காசில் கிங்ஸ் குறொஸ் பாதையில் ஓடியது. ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மனின் உடன்பிறப்பான விக்ரர் வைல்ட் மேற்குப் பாதையில் ஓடியது. இரண்டு பாதையிலும் சின்ன எஞ்சின்தான் வென்றது. எரித்த கரியும் குறைவு. தோற்ற எஞ்சின்களை வடிவமைத்த நைஜல் கிறெஸ்லி அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்து, தனது எஞ்சின்களின் வால்வு இயக்கத்தைத் திருத்தினார். அவருடைய பெரிய சாதனைகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இன்றைக்கு கார்பிலி காசிலின் பெயர் யாருக்குத் தெரியும்? புகையிரதப் பைத்தியங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வென்றது காணாமற் போக, தோற்றது புகழ் பெற்றது. காரணம் கம்பனிக்கு விளம்பரம் செய்யத் தெரிந்திருந்தது. 1928 மே முதலாம் திகதி லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் இடைநிற்காத சேவையை இந்த எஞ்சினை வைத்துத்தான் தொடங்கினார்கள். சாரதியும் கரி அள்ளுபவரும் ஓட்டத்தின் நடுவிலேயே ஆள்மாறுவதற்காக, கரிப்பெட்டிக்குள்ளால் ஒரு ஒடுங்கிய நடைபாதை வைத்துக் கட்டியிருந்தார்கள். 1929இல் இதன் பெயரிலேயே ஒரு சினிமாப் படமும் வந்தது. 1934 நவம்பர் 30ஆம் திகதி மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டதாக முறையாகப் பதிவுசெய்யப்பட்ட முதல் நீராவி எஞ்சினும் இதுவே.

ஆனால் எமக்கு இந்த எஞ்சினில் பிடித்துப்போனது அதன் பிற்காலம்தான். 1963இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டபோது, அலன் பெக்லர் என்ற தொழிலதிபர் 3000 பவுணுக்கு அதை வாங்கினார். 1969இல் பிரித்தானியப் பொருட்களை விளம்பரப்படுத்த அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். போன இடத்தில் காசு முடிந்தது. எஞ்சின் கலிபோர்னியாவில் கடன்காரருக்குப் பயந்து ஒளிந்து நின்றது. பெக்லர் வங்குரோத்து ஆனார். 1973இல் வில்லியம் மக்அல்பைன் என்ற செல்வந்தர் மீட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போனது. 1989இல் அங்கே 422 மைல் நிற்காமல் ஓடியது. பிறநாட்டில் காசில்லாமல் அகப்பட்டு, யாராவது ரிக்கற் எடுத்துத் தருவார்களா என்று காத்துக்கிடந்த ஒரு வண்டியை எம்மவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா? 2004இல் தேசிய புகையிரத அருங்காட்சியகம் 23 இலட்சம் பவுணுக்கு அதை வாங்கியது. திருத்தி முடிய 2016 ஆகிவிட்டது. செலவு 42 இலட்சம் பவுண். அந்த வருடம் பெப்ரவரியில் கிங்ஸ் குறொஸிலிருந்து யோர்க்குக்கு அது புறப்பட்டபோது, படம் எடுக்கிறவர்கள் தண்டவாளத்துக்குள்ளேயே இறங்கிவிட, வண்டியை நிறுத்தவேண்டி வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1829 ஒக்ரோபரில் றெயின்ஹில் போட்டியில் வென்ற ஸ்ரீபன்சனின் றொக்கற்தான் உலகின் முதல் எஞ்சின் என்று எமது பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் செய்தோம். அது தவறு. றிச்சட் ரெவிதிக் 1804இலேயே வேல்ஸில் தண்டவாளத்தில் நீராவி எஞ்சினை ஓட்டிவிட்டார். மலாட் எஞ்சின் 1938 யூலை 3ஆம் திகதி மணிக்கு 126 மைல் ஓடியது. அதற்கு மேல் எந்த நீராவி எஞ்சினும் ஓடியதாக உறுதியான பதிவு இல்லை. வேகத்தில் நடுவிலுள்ள உந்துதண்டின் பொறுத்து சூடேறிப் பழுதாகி, பீற்றர்பரோவில் கழற்றி விடப்பட்டது என்பதைப் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். நண்பரின் மகன் சொன்ன ஹொக்வோட்ஸ் எக்ஸ்பிரஸ் உண்மையில் 1937இல் சுவிண்டனில் கட்டப்பட்ட ஓல்ட்டன் ஹோல் என்ற சாதாரண எஞ்சின். அதன் இனத்தில் 259 இருந்தன. சேவை முடிந்து வேல்ஸிலுள்ள பழைய இரும்புக்காரரின் முற்றத்தில் கறள்பிடித்துக் கிடந்தது. சிவப்புப் பூசிய பின்னர்தான் உலகமெல்லாம் தெரிந்தது. பாதிரியார் ஓட்ரியின் தொமஸ் எஞ்சினோ ஒருபோதும் இருந்ததேயில்லை. ஆனாலும் எமது பிள்ளைகள் தமிழில் ‘அம்மா’வுக்கு அடுத்ததாகச் சொல்லப் பழகிய சொல் அதுவாகத்தான் இருக்கும்.

இனி ஹரோவுக்கு வருவோம். லண்டன் பேமிங்ஹாம் பாதையின் முதற் பகுதி 1837 யூலை 20ஆம் திகதி திறக்கப்பட்டபோதே இங்கே ஒரு நிலையம் இருந்தது. அடுத்த வருடமே பலியும் நடந்தது. ஹரோ மலைமேலுள்ள சென் மேரீஸ் தேவாலய வளவில் தொமஸ் போட் என்பவரின் கல்லறை இருக்கிறது. இந்த ஊருக்கு அருகில் புகையிரதத்தில் அகப்பட்டு இரண்டு கால்களும் துண்டாகி, 1838 ஓகஸ்ற் 7இல் தனது 33ஆவது வயதில் இறந்துபோனார். எந்த எஞ்சின் என்று கல்லில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி நடப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

நிலைய வாசலிலுள்ள பலகை வேறொரு காலையைப் பற்றியது. 1952 ஒக்ரோபர் 8, புதன்கிழமை. மூடுபனி விலகிக்கொண்டிருந்த நேரம். ரிறிங்கிலிருந்து யூஸ்ரனுக்குப் போகிற உள்ளூர் வண்டி ஒன்பது பெட்டிகளோடு மேடையில் நின்றது. உள்ளே ஏறத்தாழ 800 பேர். யூஸ்ரன் கந்தோர்களில் வேலைபார்த்த புகையிரத ஊழியர்கள் பலரும் அதற்குள் இருந்தார்கள். 8 மணி 19 நிமிடம். பேர்த்திலிருந்து இரவு முழுக்க ஓடிப் பிந்தி வந்த கடுகதி, ஆபத்துச் சமிக்ஞைகளைத் தாண்டிவந்து அதன் பின்புறத்தில் மோதியது. சில வினாடிகளுக்குள், யூஸ்ரனிலிருந்து லிவர்பூல், மான்செஸ்ரர் நோக்கி எதிர்த்திசையில் வந்த கடுகதி அந்தக் குவியலுக்குள் பாய்ந்தது. 112 பேர் இறந்தார்கள்; 340 பேர் காயப்பட்டார்கள். பிரித்தானியாவில் சமாதான காலத்தில் நடந்த மிகப் பெரிய புகையிரத விபத்து இதுதான். பேர்த் வண்டியின் சாரதியும் அவருடைய உதவியாளரும் இறந்துவிட்டதால், சமிக்ஞைகளை ஏன் கவனிக்காமல் விட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அருகிலிருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்திலிருந்து வந்த மருத்துவக் குழுவில் அபி சுவீற்வைன் என்ற கறுப்பினத் தாதி ஒருவர் இருந்தார். மருந்து ஏற்றிய காயக்காரர்களை மற்றவர்கள் அடையாளம் காண்பதற்காகத் தனது உதட்டுச் சாயத்தால் அவர்களது நெற்றியில் குறியிட்டார். காயக்காரரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடாமல், அந்த இடத்திலேயே தரம்பிரித்துச் சிகிச்சை செய்யும் முறையை இந்த நாட்டுக்குக் காட்டிய நாட்களில் அதுவும் ஒன்று. பல தேசத்தவர் வந்து வாழும் ஹரோவில், எஞ்சின்களைவிட அந்தப் பெண்ணின் பெயர் பரவலாகத் தெரிந்திருக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

அந்த எஞ்சின்கள் மூன்று. பேர்த் வண்டியை இழுத்து வந்தது சிற்றி ஒஃப் கிளாஸ்கோ. திருத்தப்பட்டு 1963 வரை ஓடியது. லிவர்பூல் வண்டிக்கு இரண்டு எஞ்சின்கள் பூட்டியிருந்தன. இரண்டாவது எஞ்சின் பிரின்சஸ் ஆன். 1935இல் சுழலி பொருத்திப் பரிசோதனைக்காகக் கட்டப்பட்ட அதனைச் சாதாரண எஞ்சினாக மாற்றி, அப்போது இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த இளவரசியின் பெயரைச் சூட்டி, வெளியே விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அது மீளவில்லை. அதன் இடத்தை நிரப்ப 1954இல் கட்டிய புதிய எஞ்சினுக்கு டியூக் ஒஃப் குளோஸ்ரர் என்று பெயரிட்டார்கள். 1948 பெப்ரவரியில் மன்னரின் பிரதிநிதியாகக் கொழும்புக்கு வந்து சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்த அதே கோமகன்தான்.

முன்னால் பூட்டியிருந்த எஞ்சினின் பெயர் வின்ட்வேட் ஐலண்ட்ஸ். அதுவும் பழைய இரும்பாகப் போனது. கரிபியன் தீவுகளின் பெயர் லிவர்பூல் வண்டிக்கு எப்படி வந்தது என்று பார்க்கப் போய்த்தான் எமக்கு ஒரு திகைப்பு ஏற்பட்டது. 1934க்கும் 1936க்கும் இடையில் இந்தப் பாதையின் கம்பனி கட்டிய ஜூபிலி இனத்தில் 191 எஞ்சின்கள். மன்னர் அரியணை ஏறிய வெள்ளிவிழாவை ஒட்டிப் பெயரிடத் தொடங்கியவர்கள், பேரரசின் வரைபடத்தை விரித்துவைத்து மேலிருந்து கீழாக எழுதியிருப்பார்கள் போலும். இந்தியா, மெட்ராஸ், பம்பாய், வங்காளம், பர்மா, சைப்பிரஸ், பிஜி. அந்த வரிசையிலே ஒன்று, 5604, பிற்பாடு 45604. பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது: சிலோன்.

நாம் அகதி அந்தஸ்துக் கேட்டு வந்து இறங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, எமது நாட்டின் பெயரைப் பித்தளையில் பொறித்துக்கொண்டு ஒரு எஞ்சின் இந்த நாட்டில் கரி தின்று ஓடியிருக்கிறது. மெட்ராஸ் என்றொன்றும் ஓடியிருக்கிறது. அந்த 191இல் நாலே நாலுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன: பஹாமாஸ், கோலாப்பூர், லியாண்டர், கலாற்றியா. சிலோனும் இல்லை, மெட்ராஸும் இல்லை. 1960களில் டீசலும் மின்சாரமும் வந்தபோது எல்லாவற்றோடும் சேர்த்து வெட்டி உருக்கினார்கள்.

எமது ஊரிலும் எஞ்சின்களுக்குப் பெயர் இருந்தது. மலைநாட்டுக் கோப்பிக்காகத் திட்டமிட்ட பாதையில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய புகையிரதம், வடக்குக்கு வர ஏறத்தாழ நாற்பது வருடங்கள் பிடித்தன. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடியது. 1905இல் கொழும்போடு தொடுத்தார்கள். இந்தப் பாதையால்தான் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் பரம்பரை தெற்கே போனது. போனவர்களுக்கு முருங்கைக்காயும் பனாட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பின்னால் போயின. பிற்காலத்து எஞ்சின்களுக்கு வெள்ளைக்காரத் தேசாதிபதிகளின் பெயரை வைத்தார்கள். பழுதுபார்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டியவற்றில் ஒன்று 251ஆம் இலக்க சேர் தொமஸ் மெயிற்லண்ட். இன்னொன்று 340ஆம் இலக்க ஃபிரடெரிக் நோத். கொடிகாமத்துச் சந்தைக்கு வந்த பெண்ணுக்கு ஃபிரடெரிக் நோத் யாரென்று என்ன கவலை? கரி எரிந்தது, கண்ணுக்குள் தூள் விழுந்தது, வெள்ளை வேட்டி கறுத்தது. கரிக்கோச்சி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

சனங்களின் வாயில் நிலைத்த பெயர் என்றால் யாழ்தேவிதான். அது வண்டியின் பெயர், எஞ்சினின் பெயரல்ல. ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மனின் கதைதான். தொடங்கியது 1956 ஏப்ரல் 23. வெம்பிளிக் கண்காட்சி திறந்த அதே திகதி, 32 வருடங்கள் கழித்து. அதற்குள் டீசல் வந்துவிட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்புச் செய்த டீசல் எஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்: ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்கச்சுவான். ஒன்ராறியோ என்று எழுதிய எஞ்சினை மேடையில் நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

1977 ஓகஸ்றில் அநுராதபுரத்தில் வண்டியை மறித்துத் தமிழ்ப் பயணிகளை அடித்தார்கள். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிதறியது; இராணுவத்தினரோடு பொதுமக்களும் மாண்டார்கள். 1990 யூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சியே இல்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. இந்தியக் கடனுதவியோடு மீண்டும் பாதை போட்டு, 2014 ஒக்ரோபர் 13இல்தான் யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி வந்தது. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில்.

கார்ட் ஐயா அதைப் பார்க்க இருக்கவில்லை. சிலோன் எஞ்சினைப் பற்றி நாம் அறிந்துகொண்டபோது அவர் இருந்தார். நிலைய வாசலில் பலகையைக் காட்டி, அந்தக் காலை நடந்ததை அவருக்கு வாசித்துச் சொன்னோம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். இரண்டு வண்டியின் கார்ட்மாரும் என்ன ஆனார்கள் என்றுதான் முதலில் விசாரித்தார். பிறகு மேடைக்குப் போய் வாங்கில் இருந்தோம். கடுகதி ஒன்று நிற்காமல் போனது. எமது நாட்டின் பெயரோடு ஒரு எஞ்சின் ஓடிய கதையைச் சொல்லி, அதை உடைத்து உருக்கிவிட்டார்கள் ஐயா என்றோம்.

“என்ன வருசத்தில கட்டினது?”

“முப்பத்தைந்திலையாம்.”

“அப்ப நல்ல இரும்பு, தம்பி” என்றார். “எங்கையாவது ஒரு பாலத்தில நிக்கும்.”